மூன்று பேர் பாதையில் நாலாவது ஆள்

1

ஊரில் உள்ள எல்லாரையும் பிள்ளையார் நல்லபடி வைத்திருக்க வேணும். நாங்கள் இங்கே இருக்கிறோம். குளிர் விட்டுவிட்டது. சித்திரை பிறந்தால் எங்கள் வாகன யார்டில் வேலை கூடும். அதனால் கொஞ்ச நாளாய் எழுத முடியவில்லை.

என் வேலையைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். மறந்தவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். இங்கே மோட்டர் ஹோம் என்று ஒரு வாகனம் இருக்கிறது. பிள்ளைகள் அதை ஆர்வீ என்பார்கள், எங்கள் சனம் வீட்டு வான் என்கிறது. லொறி அளவு நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, சாப்பாட்டு மேசை, கக்கூஸ் எல்லாம் உண்டு. நல்ல வீடு வைத்திருக்கிற வெள்ளைக்காரர்கள் விடுமுறை வந்ததும் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு, இந்த வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். நாங்கள் காட்டிலிருந்து வீடு தேடி வந்த ஆட்கள். எனக்கு அது இன்னும் முழுதாக விளங்கவில்லை. திரும்பி வரும் வான்களைக் கழுவி, துடைத்து, ஸ்காபரோவுக்கும் ஒஷாவாவுக்கும் இடையில் ஓடிக் கொண்டுபோய் விடுவது என் வேலை.

போன கிழமை அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு தமிழ் ஆள் வந்தார். வானைச் சுற்றிப் பார்த்தார். சில்லைக் காலால் தட்டினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணை, உதை டயமண்ட் லேனுக்குள்ள விடலாமோ? பொலிஸ் மறிக்காதோ?"

டயமண்ட் லேன் என்பது றோட்டின் கரையோரப் பாதை. நிலத்தில் வெள்ளை மையால் சாய்சதுரம் கீறியிருப்பார்கள். கோலம் போட வந்தவர்கள் முதல் கோட்டோடு எழும்பிப் போனதுபோல இருக்கும். காலையிலும் பின்னேரத்திலும் சனம் வேலைக்குப் போய்வருகிற நேரம் அதில் பஸ்ஸும், டக்சியும், மூன்று பேருக்குக் குறையாமல் ஏறின வாகனமும்தான் ஓடலாம். தனி ஆள் ஒருவர் பெரிய காரில் வந்தாலும் பக்கத்துப் பாதையில் ஊர வேண்டியதுதான். ஆட்களைச் சேர்த்து ஏற்றட்டும், கார்கள் குறையட்டும் என்று அரசாங்கத்தின் யோசனை. நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன்.

"எத்தினை பேர் போறியள்?" என்று கேட்டேன்.

"நானும் மனிசியும் மூத்தவனும்."

"அப்ப ஓடலாம்."

"வான் பெரிசெண்டு ஒண்டும் சொல்ல மாட்டாங்களோ?"

"பலகையில ஆட்களைப் பற்றித்தான் எழுதியிருக்கு. வானைப் பற்றி ஒண்டும் இல்லை. எனக்கு ஒரு பொலிஸ்காரனே சொன்னவன்."

அவர் நம்பின மாதிரித் தெரியவில்லை. யார்டில் கழுவுகிறவனுக்குச் சட்டம் எங்கே தெரியும் என்று நினைத்திருப்பார். அதில் பிழையில்லை. எனக்குச் சட்டம் தெரியாது. இந்த ஒரு சட்டம் மட்டும் தெரியும். அது தெரிய வந்த நாளும் இதே சித்திரை மாதத்தில்தான், இரண்டு வருசத்துக்கு முன்பு. அதைத்தான் எழுத நினைத்தேன்.

2

என் மனைவி புவனத்தின் தம்பி தவராசா. நாங்கள் தவம் என்போம். அந்த நேரம் எங்களோடு வோபர்னில், எட்டாம் மாடியில் இருந்தான். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தான்.

விசாரணை என்றால் ஊர்க் கோட்டில் நீதவான் முன்னால் நிற்பது மாதிரி இல்லை. ஒரு சின்ன அறை, ஒரு மேசை, தண்ணீர்ப் போத்தல். ஒருவர் இருந்து கேட்பார். நீ சொல்வது உண்மை என்று அவர் நம்பினால் இந்த நாட்டில் இருக்கலாம். நம்பாவிட்டால் திருப்பி அனுப்பலாம். அடையாள அட்டை, கடிதம், பத்திரிகைத் துண்டு எதுவும் அந்த நம்பிக்கைக்குப் பிறகுதான்.

தவத்தின் கதையில் ஒரு ஓட்டை இருந்தது. அதை எனக்குக் காட்டியது அவனுடைய வழக்கைப் பேசிய லோயர் அம்மா. வெள்ளைக்காரி, நல்ல மனுசி, கோப்பியைக் குடித்துக் குடித்தே கதைப்பா. தவம் வந்து இறங்கிய அன்று விமானநிலையத்தில் ஒரு அதிகாரி அவனிடம் கேட்டிருக்கிறார், ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர் வெளிக்கிட்டீர்கள் என்று. இவன் நாலு பேர் என்றிருக்கிறான். பெயர்களைச் சொல்லு என்றதற்கு மூன்று பெயர் சொல்லியிருக்கிறான். தான், அம்மா, அண்ணன். அவ்வளவுதான். அதிகாரி இரண்டையும் எழுதிவிட்டார்.

"நாலாவது ஆள் யார்?" என்று லோயர் அம்மா என்னிடம் கேட்டா. "அவர் என்னிடம் சொல்கிறார் இல்லை. நீங்களாவது கேளுங்கள். யாரோ ஒருவரை ஒளிக்கிறார் என்று நினைப்பார்கள். ஆயுதம் வைத்திருந்த பொடியன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போனார் என்றுகூட நினைக்கலாம். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் மிச்சத்தையும் நம்பமாட்டார்கள்."

நான் கேட்டேன். அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"வாய் தவறிச் சொல்லிப்போட்டன் அத்தான்."

"உதைத்தான் அங்கையும் சொல்லப் போறியோ?"

"வேற என்னத்தைச் சொல்ல?"

அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பயணத்தில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். மழைக்குள்ளே, சனத்தோடு சனமாய் நடந்திருக்கிறார்கள். வழியில் தவத்தின் அண்ணனை, எங்கள் பெரியவனை, பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றைக்குவரை தகவல் இல்லை. மாமியும் தவமும்தான் வன்னிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெரியவனின் பெயரை எடுத்தால் புவனம் அன்றைக்கு அடுப்படிக்குப் போகமாட்டாள். ஆகவே நாலு பேர், மூன்று பேர் என்ற இந்தக் கதையை நான் அவளுக்குச் சொல்லவில்லை. தவமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் ஒரு நிமிடத்தில் அவிழ்த்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது.

3

விசாரணை நாள் காலை. நான் குளித்து, திருநீறு பூசி, சுவாமிப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் இருந்தேன். எங்கள் சாமியறை என்பது துவாய் வைக்கிற அலுமாரி. கதவைத் திறந்தால் கோயில், சாத்தினால் அலுமாரி. புகை எச்சரிக்கைக் கருவி கத்தும் என்பதால் கற்பூரத்தை ஒரு பொட்டளவு கொளுத்துவோம்.

கீழே போய்க் காருக்குள் திறப்பைப் போட்டுத் திருப்பினேன். டிக் என்றது. திரும்பவும் திருப்பினேன். அதே டிக். பனிக்காலம் முழுக்க ஓடின கார், பனி விட்டபிறகு படுத்துவிட்டது.

பஸ் பிடித்து, ரயில் மாறிப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டோம். டக்சிக்குச் சொன்னால், அந்த நேரத்தில் எப்போது வரும் என்று உறுதி சொல்லமாட்டோம் என்றார்கள். நேரம் தவறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள் என்று லோயர் அம்மா முன்னமே சொல்லியிருந்தா.

விருந்தாளிகள் கார் விடுகிற இடத்தில் யார்டு வான் ஒன்று நின்றது. அன்று மத்தியானம் ஒஷாவாவுக்குக் கொண்டுபோக வேண்டியது என்பதால் முதல்நாள் கொண்டுவந்து விட்டிருந்தேன். இரண்டு காரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது என்று கட்டட மேற்பார்வையாளன் ஏற்கனவே என்னோடு கோபம். முதலாளிக்குப் போன் எடுத்தேன். போர்த்துக்கேய மனுசன்; அவரும் ஒருகாலத்தில் பெட்டியோடு வந்து இறங்கினவர்தான். "கொண்டு போ. உரசாமல் கொண்டு வா," என்றார்.

மேலே வந்து சொன்னேன். மகள் கௌசி பள்ளிக்கூடத்துக்குப் போகிற சப்பாத்தோடு நின்றாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. என் ஆங்கிலம் யார்டோடு நிற்கிற ஆங்கிலம் என்பதால் அன்று லீவு போட்டுவிட்டு எங்களோடு வர ஒத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, சீரியஸ்லி? மாமான்ர ஹியரிங்குக்கு ஆர்வீயிலயா போறம்?"

"உள்ளுக்க கக்கூசும் இருக்கு. பயந்தாலும் பறவாயில்லை," என்றான் தவம். அன்று காலை அவன் சொன்ன ஒரே பகிடி அது. ஒருவரும் சிரிக்கவில்லை.

புவனம் எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். விரலை மடித்து எண்ணியதை நான் கண்டேன்.

"மூண்டு பேராயே போறியள்?"

"நீயும் வாவன், நாலாகும்," என்றேன்.

"பாண் பேக்கரியில சேர்ந்து இன்னும் மாசம் ஆகேல்லை. லீவு கேட்டால் வரவேண்டாம் எண்டுதான் சொல்லுவாங்கள். உங்களுக்குத் தெரியாதே?"

நல்ல காரியத்துக்கு மூன்று பேராக வெளிக்கிடக் கூடாது என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வேறு வழியில்லை என்றால் ஒரு கல்லை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதையும் ஒரு ஆளாகச் சேர்த்து நாலு பேர் என்று நினைத்துப் போகவேணும். யாரும் கேட்டால் நாலு என்றே சொல்லவேணும். மூன்று என்று வாயால் சொன்னால் கல் எடுத்துப் பிரயோசனமில்லை. புவனத்தின் தாய் இதில் மிகவும் கண்டிப்பு. பெண் பார்க்க என் வீட்டார் மூன்று பேராய் வந்து இறங்கியபோது, படலையில் வைத்தே ஒரு கல்லைக் கொடுத்துத்தான் உள்ளே விட்டவ. அந்தக் கல்லால்தான் நான் இந்தக் குடும்பத்துக்குள் வந்தேன்.

புவனம் செருப்பையும் போடாமல் லிப்டில் கீழே போனாள். வாசல் பூப்பாத்தியிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். சாம்பல் நிறம், புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. அலுமாரிப் பிள்ளையாருக்கு முன்னால் ஒருதரம் வைத்து எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தாள்.

"பொக்கற்றுக்குள்ள வை. ஆர் கேட்டாலும் நாலு பேர். விளங்குதே?"

தவம் அந்தக் கல்லை வாங்கின விதம் எனக்கு நினைவிருக்கிறது. சூடான எதையோ வாங்குவதுபோல உள்ளங்கையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தான். பிறகு வாங்கினான். நான் அதைக் கண்டும் ஒன்றும் யோசிக்கவில்லை.

"அம்மா, திஸ் இஸ் ஸோ டம். சுத்த முட்டாள்தனம்," என்றாள் கௌசி. "மூண்டெண்டால் மூண்டு. கல்லு ஒரு பேர்சன் இல்லை."

"உன்னை நம்பச் சொல்லி ஆர் கேட்டது? சும்மா இருந்தால் காணும்."

பிள்ளை சும்மா இருந்தாள். இங்கே பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவது பெரிய கவலை இல்லை. பேசாமல் காதுக்குள் பாட்டை மாட்டிக்கொள்வார்களே, அதுதான். அன்றைக்கு அவள் அதையும் மாட்டிக்கொண்டுதான் லிப்டுக்குள் ஏறினாள்.

4

எக்ளின்டன் றோட்டில் காலைச் சனம். முன்னால் பார்த்தால் பிறேக் லைற்றுகள் மட்டும் தெரிந்தன. பக்கத்தில் டயமண்ட் பாதை வெறுமையாய்க் கிடந்தது. இடைக்கிடை ஒரு பஸ் போனது.

கௌசி காதிலிருந்து வயரைக் கழற்றினாள். "அப்பா, வி ஹாவ் த்ரீ. அந்த லேன்ல போங்கோ."

"உது கார்களுக்கெல்லோ. இது வீடு மாதிரி ஒரு சாமான்."

"பலகையைப் பாருங்கோ. மூண்டு பேர் எண்டுதான் போட்டிருக்கு."

வீட்டு வானோடு அந்தப் பாதையில் போகலாமா என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. எப்போதும் தனியாகத்தான் ஓட்டுவேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். பிள்ளையாரே என்று சிக்னலைப் போட்டு உள்ளே விட்டேன். கொஞ்சத் தூரம் நல்லாய்த்தான் போனது. ஒரு பஸ் சாரதி கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

பிறகு பின்னால் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் சுழன்றது.

நான் ஓரமாக நிறுத்தினேன். கௌசி எனக்குப் பக்கத்து ஆசனத்தில். தவம் பின்னால் சாப்பாட்டு மேசையில், திரைச்சீலைக்குப் பின்னே. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு தலைகள்தான் தெரியும். அதற்காகத்தான் மறித்திருக்கிறான். யன்னலடிக்கு வந்த பொலிஸ்காரன் இளம் ஆள். முகத்தில் கோபமில்லை.

"இந்த வாகனத்தில் எத்தனை பேர்?"

இந்தக் கேள்விக்கு மூன்று என்று சொல்லியிருந்தால் அவன் எட்டிப் பார்த்துவிட்டு அனுப்பியிருப்பான். எனக்கு அது தெரியும். வாய்க்குள் மூன்று என்ற சொல் வந்தும் விட்டது. ஆனால் விசாரணைக்குப் போகிற வழி. பூப்பாத்திக்கு வெறுங்காலோடு போனவளின் முகம் முன்னால் வந்தது.

"ஃபோர்," என்றேன்.

கௌசி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொலிஸ்காரன் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே ஏறினான். எண்ணினான். திரும்பவும் எண்ணினான்.

"நாலாவது ஆள் எங்கே?"

நான் தவத்தின் பொக்கற்றைப் பார்த்தேன். அவன் முகம் மாறியது. கட்டில் பக்கத்துத் திரையை விலக்கினான். கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தான். உடுப்பு அலுமாரியைத் திறந்தான். யாரோ ஒருவரை நாங்கள் ஒளித்துக்கொண்டு போகிறோம் என்று நினைக்கிறான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தவம் மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்தபடி இருந்தான். சீருடையைக் கண்டால் அவன் அப்படித்தான் இருப்பான். ஊரில் பழகின பழக்கம். பிறகு வலது கையை மெதுவாக எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி பொக்கற்றுக்குள் விட்டு, கல்லை எடுத்து மேசையில் வைத்தான்.

"நம்பர் ஃபோர்," என்றான்.

கௌசிதான் பேசினாள். கழுத்துவரை சிவந்துபோயிருந்தாள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராய்ப் போகக் கூடாது, அம்மா கல்லைக் கொடுத்து நாலு என்று சொல்லச் சொன்னவ, மாமாவுக்கு இன்றைக்கு அகதி விசாரணை, அப்பா பொய் சொல்லவில்லை, ஆனால் பொய்யும்தான். அவ்வளவையும் ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொன்னாள். காலையில் டம் என்ற விசயத்தைத் தானே விளங்கப்படுத்த வேண்டி வந்ததற்காக என்னில் பயங்கரக் கோபம் என்று குரலில் தெரிந்தது.

பொலிஸ்காரன் கல்லை எடுத்துப் பார்த்தான். திரும்ப அதே இடத்தில் வைத்தான். தன் காருக்குப் போய் வானொலியில் யாரோடோ கதைத்தான். திரும்பி வர நேரமெடுத்தது. எனக்கு அது அரைநாள் போல இருந்தது.

"மூன்று பேர் போதும்," என்றான். "இது போன்ற வாகனம் இந்தப் பாதையில் ஓடலாமா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கேட்டுப் பார்த்தேன். பலகை ஆட்களைத்தான் கேட்கிறது. உள்ளே அடுப்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆனால் ஐயா, இனி யாராவது எண்ணிக்கை கேட்டால் இருக்கிற ஆட்களைச் சொல்லுங்கள்."

இறங்கப்போனவன் தவத்தைப் பார்த்து, "இந்தக் கல் வேலை செய்யுமா?" என்று கேட்டான். சிரித்துக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

தவம் தன்னிடமிருந்த ஆங்கிலத்தில், "ருடே வீ சீ," என்றான்; இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று அர்த்தம்.

வான் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து தவத்தின் குரல் வந்தது.

"அத்தான். அண்டைக்கும் நாலாவது ஆள் இதுதான்."

நான் கண்ணாடியில் பார்த்தேன். கல்லைக் கையில் வைத்திருந்தான்.

"ஊரை விட்டு வெளிக்கிடேக்க அம்மா தந்தவ. ஆர் கேட்டாலும் நாலு பேர் எண்டு சொல்லச் சொன்னவ. எயார்போர்ட்டில அவன் கேட்டவுடனே அதுதான் வாயில வந்தது."

"உதை லோயரிட்டச் சொல்லாமல் வாய் தவறினதெண்டு ஏன் சொன்னனி?"

"கல்லைச் சொன்னால் கல்லு எங்கை எண்டு கேப்பினம்." உள்ளங்கைக்குள் கல்லைப் பொத்தினான். "அது என்னட்டை இல்லை. மழைக்க நடக்கேக்க, உதென்ன விசர்க்கதை எண்டு வாய்க்காலுக்க எறிஞ்சுபோட்டன். அதுக்குப் பேந்துதான் அண்ணையைப் பிடிச்சவங்கள். அம்மாவுக்கு இண்டைக்கும் தெரியாது."

டயமண்ட் பாதை முடிந்து, வாகனங்களோடு சேர வேண்டிய இடம் வந்தது. நான் சேர்ந்தேன். கௌசி காதுக்குள் பாட்டை மாட்டவில்லை.

5

கட்டடத்துக்கு முன்னால் நேரத்துக்குப் போய்விட்டோம். ஆனால் வீட்டு வானை நகருக்குள் எங்கே விடுவது? நிலக்கீழ்த் தரிப்பிடத்து வாசலில் உயரத்தடை. றோட்டோரம் நிற்க விடமாட்டார்கள். இருவரையும் இறக்கிவிட்டு நான் சுற்றத் தொடங்கினேன். ஒரு வீதியில் போய் இன்னொன்றில் திரும்பி, அதே கட்டடத்தைக் கடந்து, திரும்பவும். பிரதட்சணம் மாதிரித்தான். வேறு செய்ய ஒன்றுமில்லாதபடியால் அப்படியே நினைத்துக்கொண்டு சுற்றினேன். தெரிந்த தேவாரங்களைச் சொன்னேன். அவை முடிய, முதலிலிருந்து சொன்னேன்.

ஆகவே அறைக்குள் நடந்ததை நான் காணவில்லை. கௌசி சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

அறைக்குப் போகுமுன் தவம் லோயர் அம்மாவிடம் கல்லைக் காட்டிச் சொல்லியிருக்கிறான். பிள்ளைதான் மொழிபெயர்த்தாள். லோயர் அம்மா கையிலிருந்த கோப்பியைக் குடிக்க மறந்து நின்றாவாம். பிறகு கௌசியிடம், "இன்று காலை நடந்ததை உள்ளே சத்தியம் செய்து சொல்வாயா?" என்று கேட்டிருக்கிறா.

விசாரித்தது ஒரு வயதான அம்மா. எல்லாரும் பயந்த அந்தக் கேள்வியைத்தான் முதலாவதாகக் கேட்டாவாம். வீட்டிலிருந்து எத்தனை பேர் வெளிக்கிட்டீர்கள்?

"மூண்டு பேரும் ஒரு கல்லும்," என்று தவம் தமிழில் சொன்னான். மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார்.

கல் எங்கே என்று கேட்டா. எறிந்ததைச் சொன்னான். எறிந்த பிறகு நடந்ததையும் சொன்னான். அண்ணன் போட்டிருந்த சேட்டின் நிறத்தைச் சொன்னபோது அழுதானாம். நான் அவன் அழுது கண்டதில்லை.

எழுதிக்கொண்டிருந்த அந்த அம்மா பேனையை வைத்துவிட்டு, இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது என்பதை எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறா. லோயர் அம்மா அப்போதுதான் கௌசியைக் கூப்பிட்டா. பிள்ளை எழும்பி, காலையில் அம்மா வெறுங்காலோடு கீழே போனதிலிருந்து, அப்பா பொலிஸுக்கு நாலு என்றது, அவன் கக்கூஸைத் திறந்து பார்த்தது எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ இதை நம்புகிறாயா?" என்று அவளிடம் கேட்டாவாம்.

"இல்லை," என்று இவள் சொல்லியிருக்கிறாள். "ஆனால் எங்கட வீட்டில அப்படித்தான் எண்ணுறவை."

இதை அவள் எனக்குச் சொன்னபோது, நம்புகிறேன் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அங்கே உண்மையைத்தானே சொல்லவேணும். அவள் ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த அம்மா நம்பியிருப்பாவோ தெரியாது.

தவம் அந்தக் கல்லை மேசையில் வைத்தான். அந்த அம்மா தொடவில்லை; குனிந்து பார்த்தா. கொஞ்ச நேரம் எல்லாரையும் வெளியே இருக்கச் சொல்லி, திரும்பக் கூப்பிட்டு, ஏற்றுக்கொள்கிறேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டா.

எத்தனையாவது சுற்றோ தெரியாது, கட்டடத்து மூலையில் இரண்டு பேரும் நிற்பதைக் கண்டேன். கௌசி கையை மேலே தூக்கி ஆட்டினாள். பின்னால் கார்கள் கோர்ன் அடிக்க அடிக்க நடுறோட்டில் நிறுத்தி ஏற்றினேன். தவம் உள்ளே ஏறிக் கட்டிலில் படுத்து, அப்படியே நித்திரையாகிவிட்டான். ஒஷாவாவுக்குப் போய் வானைக் கொடுக்கும்வரை எழும்பவில்லை.

6

பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். புவனம் மாப்பூச்சோடு வேலையால் வந்து நின்றாள். செய்தியைப் போனில் முன்னமே சொல்லியிருந்தேன். அலுமாரிக் கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்தது. தம்பியின் நெற்றியில் திருநீறு பூசினாள்.

அவன் அங்கேயே நிலத்தில் இருந்து மிச்சத்தைச் சொன்னான். அம்மா கல்லுக் கொடுத்தது, தான் எறிந்தது, எறிந்த இடம், பிறகு அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது. ஒன்றும் விடவில்லை. கௌசி தன் அறைக்குப் போகாமல் குசினி வாசலில் நின்றாள்.

புவனம் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை, ஏசவும் இல்லை. அவன் சொல்லி முடித்தபிறகு, "கல்லு கையில இருந்தாலும் பிடிக்கிறவங்கள் பிடிச்சிருப்பாங்கள்," என்றாள். இருபது வருசத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. அது அவள் நம்பிச் சொன்னதா, தம்பிக்காகச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

அன்றைக்கு அவள் அடுப்படிக்குப் போனாள். புட்டு அவித்தாள்.

இப்போது தவம் வேலை செய்கிறான், தாயைக் கூப்பிடப் பத்திரங்கள் நிரப்பிக் கொடுத்திருக்கிறான். கௌசி வேறு நகரத்தில் படிக்கிறாள்; ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பாள், சில ஞாயிறு மறந்துவிடுவாள். யார்டு வேலைக்காரனாகிய எனக்கு, மூன்று பேர் இருந்தால் வீட்டு வானும் அந்தப் பாதையில் ஓடலாம் என்று தெரியும். ஆனால் ஓட்டுகிறபோது பெரும்பாலும் நான் தனி ஆள். பக்கத்துப் பாதையில் மெதுவாகப் போவேன். அஜின்கோர்ட் ஆள் வானை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டபோது, யார்டில் கிடந்த ஒரு கல்லை அவர் காணாமல் அடுப்புக்குப் பக்கத்து இழுப்பு லாச்சிக்குள் போட்டுவிட்டேன். அவர் எங்கே, எதற்குப் போனாரோ தெரியாது. நல்ல காரியமாய்த்தான் இருக்கும்.

அன்றிரவு புட்டைச் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுக்கொண்டு புவனம் கேட்டதோடு இதை முடிக்கிறேன்.

"தம்பி, நான் காலமை தந்த கல்லு எங்கை? எடுத்த இடத்தில திருப்பிப் போடவேணும்."

தவம் பொக்கற்றைத் தடவினான். மற்றப் பொக்கற்றையும் தடவினான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"அந்த அறைக்க, மேசையில விட்டிட்டு வந்திட்டன் அக்கா. சந்தோசத்தில எடுக்க மறந்துபோனன்."

நானும் கௌசியும் புவனத்தைப் பார்த்தோம். அவள் அவனுடைய கோப்பையில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள்.

"கிடக்கட்டும்," என்றாள். "அந்த அறைக்கு மூண்டு பேராய் வாற சனமும் இருக்கும்."